முட்டியில் ஒட்டிய மணல்

என் மருமகள் நேற்றும் கேட்டாள். "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான். காலைலேருந்து அந்த போனைக் கீழ வைக்கல. வெளிய போய் விளையாடுடான்னு சொல்லுங்களேன்."

பேரனுக்குப் பதினோரு வயது. கே.கே. நகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் பூங்கா. நான் வாயைத் திறந்தேன். "இருந்துட்டுப் போறான், விடும்மா" என்றுதான் வந்தது. கிழவர் பேரனுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

செல்லமெல்லாம் இல்லை. அதே வார்த்தையை எனக்குச் சொன்ன ஒரு மனிதரை நான் என்ன செய்தேன் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. எண்பத்திரண்டு வயதில் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குப் போகும் வழியில் தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் தரை டிக்கெட் வாசலில் நின்றவர்தான் அவர். குள்ளம். உடம்புக்குச் சேராத நீளமான கைகள். காலர் நைந்த காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் செருகிய டார்ச் லைட்.

சனி, ஞாயிறு மத்தியானம் மேட்னி உண்டு. தரை டிக்கெட் வரிசையில் முக்கால்வாசி பையன்கள். டிக்கெட் ஜன்னல் திறப்பதற்கு முன்னால் அவர் வரிசையின் கடைசியிலிருந்து நடந்து வருவார். ஒவ்வொரு பையன் முன்னாலும் நின்று, "முட்டியக் காட்டு" என்பார்.

நிஜாரைத் தூக்கி முட்டியைக் காட்ட வேண்டும். மணல் ஒட்டியிருந்தாலோ சிராய்த்திருந்தாலோ, "நீ நில்லு." முட்டி சுத்தமாக இருந்தால் வரிசையிலிருந்து வெளியே. "போ. ஆத்துல போய் ஓடி வெளையாடிட்டு வா. மணலோட வந்தா நானே உள்ள விடறேன். படம் ஆரம்பிச்சாலும் கவலப்படாத, மொதல்ல நியூஸ் ரீல்தான் ஓட்டுவாங்க."

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முட்டிக்காரர்.

அவர் சொன்ன சொல்லை மீறியதே இல்லை. மணலோடு திரும்பி வந்த பையனை உள்ளே விடுவார். டார்ச் அடித்து முன்னால் இடம் பார்த்து உட்கார வைப்பார். ஆனால் திரும்பி வருகிறவர்கள் குறைவு. காவிரி மணலில் இறங்கிய பையனுக்குச் சடுகுடு கிடைக்கும், கிளித்தட்டு கிடைக்கும். படம் மறந்துபோகும். டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது வீட்டுக்குப் போவான். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினார்.

ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. கொட்டகைச் சுவர் ஓரமாகவே மண்ணை அள்ளி முட்டியில் தேய்த்துக்கொண்டு வருவார்கள். அவர் குனிந்து ஒரு விரலால் தடவிப் பார்ப்பார். "ஏண்டா, இது தெரு மண்ணு. காவேரி மணலா இருந்தா காக்காப்பொன் மினுக்கும். யார்கிட்ட கதை விடற?" வரிசை முழுக்கச் சிரிக்கும். மாட்டிக்கொண்டவனும் சிரித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் ஓடுவான்.

இடைவேளையில்கூட விடமாட்டார். "எடவேளன்னா உக்காந்து முறுக்கு திங்கறதா? எந்திரிங்கடா! அந்தப் புளியமரத்தத் தொட்டுட்டு வாங்க. மொதல்ல வர்றவனுக்கு பிலிம் துண்டு." ஆபரேட்டரிடம் கேட்டு வாங்கிய அறுந்த பிலிம் துண்டுகள் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அந்த வயதில் எங்களுக்கு அது தங்கம். எனக்கு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

படத்தைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "உள்ள ஓடுறதெல்லாம் நெழலுடா. குதிர ஓடும், உனக்கு மூச்சு வாங்குமா? வெளிய ஓடு, தெரியும்" என்பார். கொட்டகையில் சம்பளம் வாங்குகிறவர் பேசுகிற பேச்சா இது?

ஒருநாள் ஒரு அம்மாள் பையனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "ஏன்யா, படம் பாக்க அனுப்பிச்சா வெயில்ல வெரட்டி விடறியாமே? உம் புள்ளைய இப்படி வெயில்ல ஓட விடுவியா நீ?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் அன்று இடுப்பு டார்ச்சை எடுத்து மறுபடி செருகிக்கொண்டார். பிறகு, "ஓடினா விடுவேம்மா" என்றார்.

அந்த அம்மாளுக்கும் புரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் புரியவில்லை. புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் குண்டாக இருப்பேன். வகுப்பில் முதல் மாணவன், ஆட்டத்தில் கடைசி. சடுகுடுவுக்கு ஆள் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் எடுத்து முடித்தபின் நான் ஒருவன் மிச்சம் நிற்பேன். "நீ ஒப்புக்குச் சப்பாணியா இருடா" என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். அந்தச் சொல்லை அப்போது என் அவமானத்துக்கு மட்டும் உரியதாக நினைத்திருந்தேன். கொட்டகை இருட்டில் அப்படி இல்லை. அங்கே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்திருப்பேன். யாரும் யாரையும் விட வேகமில்லை. அதனால்தான் எனக்குப் படம் வேண்டியிருந்தது. முட்டிக்காரர் என்னை அந்த ஒரே இடத்திலிருந்து எழுப்பி, என்னைச் சேர்த்துக்கொள்ளாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை. எல்லோரும் பேசிக்கொண்ட படம் வந்திருந்தது. என் முட்டி வழக்கம்போல் சுத்தம். ஆற்றுக்குப் போனேன். சடுகுடு நடந்துகொண்டிருந்தது. கேட்டேன். "ஆள் சரியா இருக்குடா" என்றார்கள். படித்துறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது ஈரமணலை அள்ளி இரண்டு முட்டியிலும் பூசிக்கொண்டு திரும்பினேன். அசல் காவிரி மணல்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். காக்காப்பொன் மினுக்கியது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மணல் ஒட்டியிருக்கு. மூச்சு வாங்கலையே, தம்பி."

வரிசையில் நின்ற பையன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒக்காந்து வெளையாடிட்டு வந்திருக்கான்!" என்று எவனோ கத்தினான். முட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கைவைத்துத் தனியே அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அம்மா மண்டபத்துக்குக் கீழ மணலுக்கு வா. நான் தெனம் அங்கதான் இருப்பேன். நாம ஓடலாம். யாரும் சிரிக்கமாட்டாங்க. வருவியா?"

நான் தலையை ஆட்டினேன். போகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மற்றவர்கள் சிரித்ததைவிட அந்தத் தோள் மேல் பட்ட கைதான் எனக்கு அதிகம் வலித்தது. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கொட்டகை மேனேஜர் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் ஆங்கிலப் பேப்பரைப் பார்க்க வருவார். அன்றும் எட்டு மணிக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"மேட்னிக்குத் தரை டிக்கெட் பாதி காலி சார். டவுன்ல மலைக்கோட்டைக்குக் கீழ இதே மாதிரி படத்துக்குப் பசங்க சட்டை கிழிய அடிச்சுக்கறாங்க. நம்ம ஊர்ப் பசங்களுக்கு என்ன வந்துதுன்னே புரியல. மொதலாளி என் கழுத்தப் புடிக்கறாரு."

"பரீட்சை வருதுல்ல" என்றார் அப்பா.

நான் ஜன்னலோரம் பூகோளப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி. அவர் மணலில் நின்றுகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"பசங்க வர்றாங்க மாமா" என்றேன். "உங்க கேட்டுக்காரர்தான் திருப்பி அனுப்பிடறாரு."

"என்னடா சொல்ற?"

சொன்னேன். முட்டி பார்ப்பதைச் சொன்னேன். ஆற்றுக்கு அனுப்புவதைச் சொன்னேன். போனவர்கள் திரும்பி வராததைச் சொன்னேன். "நேத்து மட்டும் பதினேழு பேர் மாமா. நான் எண்ணினேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பலே ஆளா இருக்காரே! அவருக்கு எங்க ஸ்கூல்ல வேலை குடுக்கணும்யா."

மேனேஜர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வேடிக்கையா இருக்கு சார். கடைய நான் தொறந்து வெக்கறேன், வாசல்ல நின்னு இவன் ஆள வெரட்டறான்." எழுந்து போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். "நீ எப்ப வேணா வாடா ராஜா. உனக்கு டிக்கெட் வேண்டாம்."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பல வருஷம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். சொன்னது உண்மை. சொல்ல வைத்தது உண்மை அல்ல.

அன்று மேட்னிக்கே வாசலில் வேறு ஆள் நின்றான். அவன் யார் முட்டியையும் பார்க்கவில்லை. தரை நிரம்பி வழிந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து நான் ஆசைப்பட்ட படத்தைப் பார்த்தேன். கதை ஒரு வரிகூட இப்போது நினைவில்லை. இடைவேளையில் யாரும் எழுந்திருக்கவில்லை. புளியமரத்தடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அந்தக் கோடை முழுவதும் நான் டிக்கெட் இல்லாமல் படம் பார்த்தேன். ஆற்றில் சத்தம் குறைந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். யார் சொல்லி இது நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாலைந்து மாதம் கழித்து எங்கள் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. டவுன் கொட்டகை ஒன்றின் விளம்பர வண்டி. இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டுவண்டிக்கு முன்னால் நோட்டீஸ் கட்டோடு நடந்து வந்தவர் முட்டிக்காரர். காலையிலேயே டவுனிலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்து வீதிகளைச் சுற்றி, திருவானைக்கோவில் வரை போய்த் திரும்ப வேண்டிய வேலை. கறுத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

மற்ற நோட்டீஸ்காரர்கள் கையில் கொடுப்பார்கள். அவர் கொடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் காற்றில் தூர வீசுவார். "ஓடு! ஓடி எடு! கீழ விழறதுக்குள்ள எடுத்தா ரெண்டு!" தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேலை போயும் புத்தி போகவில்லை அவருக்கு.

நான் ஜன்னலை விட்டு விலகுவதற்குள் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வந்தார். எனக்கு மட்டும் அவர் நோட்டீஸை வீசவில்லை. கம்பி வழியாக என் கையில் வைத்தார்.

"அன்னிக்கு வரலியே தம்பி? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"பரீட்சை" என்றேன்.

"படிப்பு முக்கியந்தான். ஆனா சாயங்காலம் செத்த ஓடணும், என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார். அது தெரிந்தும் காட்டிய பொறுமையா, சொன்னது நான்தான் என்று தெரியாததா என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அதற்குப் பிறகு தமுக்குச் சத்தம் கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லியிருக்கலாம்.

படித்தேன். அப்பாவைப் போலவே ஆசிரியரானேன். அறுபதுகளில் ஒரு கோடை விடுமுறையில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. திருவானைக்கோவில் பக்கம் இரண்டு தெரு எனக்கு. வீடு வீடாகப் போய்ப் புதுப் பெயர்களைச் சேர்க்க வேண்டும், இறந்தவர் பெயரை அடிக்க வேண்டும்.

ஓடு வேய்ந்த வீடு ஒன்றின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தரையில் ஒரு பெண் கால்களை ஒரு பக்கமாக மடித்துப் போட்டு உட்கார்ந்து, கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வயது இருக்கும். பாவாடைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் குழந்தையின் பாதங்கள்போல் இருந்தன.

"வாங்க சார். எந்திரிக்க முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா அரிசி மில்லுக்குப் போயிருக்கு."

அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டேன். பட்டியலில் அந்த வீட்டு எண்ணில் இருந்த ஆண் பெயரை வாசித்தேன்.

"அப்பா. போன மாசியில தவறிட்டாரு சார். நெஞ்சு வலி. நோட்டீஸ் வண்டியோட போறப்பவே, வெயில்ல."

அப்போதுதான் அவள் ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்தேன். பச்சை, ரோஸ் நிற சினிமா நோட்டீஸ்கள். சுவரில் ஆணியில் காலர் நைந்த காக்கிச் சட்டை.

அவருடைய பெயரை நான் அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன். அறிந்த கையோடு அதன் மேல் கோடு இழுக்க வேண்டியிருந்தது. அதனால் இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை.

"ஸ்ரீரங்கத்துக் கொட்டகையில இருந்தாரே, அவரா?" என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாவத் தெரியுமா சார் உங்களுக்கு? உங்க முட்டியையும் பாத்திருக்காரா?" என்று சிரித்தாள். பையை ஒட்டிக்கொண்டே பேசினாள். மூன்று வயதில் காய்ச்சல் வந்து கால் போனது. மணல் சூட்டில் கால் புதைத்து வைத்தால் வலுவரும் என்று யாரோ வைத்தியர் சொல்லியிருக்கிறார். அம்மா விடியுமுன் மில்லுக்குப் போய்விடுவாள். அப்பாவுக்குக் கொட்டகை வேலை மத்தியானம்தான். தினம் காலை அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவானைக்கோவிலிலிருந்து அம்மா மண்டபத்துக்கு நடப்பார். குழி தோண்டி இடுப்பு வரை புதைத்து வைப்பார். பிறகு கால்களை நீட்டி மடக்கிப் பழக்குவார்.

"மணலா பண்ணுச்சோ அப்பா கையா பண்ணுச்சோ தெரியாது சார். அப்பா வேட்டியப் புடிச்சுக்கிட்டு ஏழு எண்ணுற வரைக்கும் நிப்பேன். பத்து எண்ணிட்டா ஓட்டப்பந்தயம்னு சொல்லியிருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அப்பாவுக்கு வேலை மாறிடுச்சு. விடிஞ்சா வண்டியோட போகணும். தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. ஏழோட நின்னுது." அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. "கொட்டகையில யாரோ சொல்லிட்டாங்களாம். அப்பா அதுக்குக் கோவப்படவே இல்ல. சொன்னது நெசந்தானேம்மான்னுட்டாரு."

நான் அப்போதே அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அந்த வேல போன அன்னிக்குக் காலைலதான் சார் ஒரு கூத்து. இன்னிக்கு உனக்கு ஒரு கூட்டாளி வரப்போறான்னு அப்பா சொன்னாரு. அவனும் உன்ன மாதிரிதான், எவனும் ஆட்டத்துல சேத்துக்க மாட்டேங்கறான்னாரு. எனக்கு அதுக்கு முன்ன கூட்டாளின்னு யாருமே இல்லையா, தலைகால் புரியல. அப்பாவ நச்சரிச்சு ரெண்டு குழி தோண்டச் சொன்னேன். எனக்கு ஒண்ணு, பக்கத்துல அவனுக்கு ஒண்ணு."

"வந்தானா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வரல சார். வெயில் ஏறுற வரைக்கும் பாத்தோம். அப்புறம் நானே கையால மணலத் தள்ளி அந்தக் குழிய மூடிட்டேன். அப்பாதான் பாவம், கடைசி வரைக்கும் அவன் பேச்சப் பேசிக்கிட்டே இருந்தாரு." ஒட்டிய பையை ஓரமாக அடுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இப்பப் பெரிய ஆளா இருப்பான்ல சார்? அதுக்கப்புறமாவது எங்கயாவது சேந்து வெளையாடியிருப்பான்ல?"

"வெளையாடியிருப்பாம்மா" என்றேன்.

செருப்பைக் காலில் மாட்டியதுகூட நினைவில்லை. தெரு திரும்பி, இன்னொரு தெருவும் திரும்பி, கோயில் மதில் ஓரம் வந்து நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. என் வாழ்நாளில் நான் ஓடியது அன்று ஒருநாள்தான்.